எந்தக் கோயிலுக்கும் இல்லாத மொட்டை

“எந்தக் கோயிலுக்கு அக்கா?” என்று கேட்டான் முத்துராஜ்.

ஒரு கையில் கத்தி, தோளில் துண்டு. நான் அவனுடைய சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மூன்றே நாற்காலி போட்ட கடை. மற்ற இரண்டிலும் ஆண்கள். ஒருவர் முகம் முழுக்க நுரையோடு கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் அந்தக் கடைக்குள் வருவது முடிவெட்ட அடம்பிடிக்கும் மகனை இழுத்துக்கொண்டு வரும்போது மட்டும்தான்.

“எந்தக் கோயிலுக்கும் இல்ல தம்பி. எனக்குத்தான். எடு.”

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

“பொம்பளையாளுக்கு மொட்ட கோயில்லதான் அக்கா போடுவாவ. கடையில வச்சுப் போட்டா எங்க அப்பா இருந்திருந்தா என்னச் செருப்பால அடிப்பாரு.”

“கீமோ போட்டிருக்கேன். காலைல சீப்புல கொத்தா வந்திட்டு. கோயில் வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காது. நீ எடுக்கியா, நானே கத்திய வாங்கிச் சிரைச்சுக்கிடவா?”

நுரைக்காரர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். முத்துராஜ் என் பின்னலை முதலில் கத்தரித்து, ரப்பர் பேண்டோடு பவுடர் டப்பா பக்கத்தில் வைத்தான். தலையில் தண்ணீர் தெளித்தான். பிறகு பழக்க தோஷம், நாற்காலியைச் சுழற்றி என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தான். கிழக்கே ஒரு நடிகையின் காலண்டர் தொங்கியது.

“கண்ணாடியப் பாத்தே திருப்பு,” என்றேன். “நான் பாக்கணும்.”

முடிந்ததும் மின்விசிறிக் காற்று நேராக மண்டையில் பட்டது. நாற்பத்தெட்டு வயதில் அப்படிக் காற்று பட்டது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். அதே காது, அதே புடைத்த நெற்றி.

“திரும்ப வரும் அக்கா. அடர்த்தியா வரும். அம்மன் புண்ணியத்து...” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நான் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். பின்னலை அந்தப் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

வந்த கடிதங்கள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: என் பெயர் இசக்கி. மும்பை நகரப் பேருந்தில் கண்டக்டர். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது, வாழ்க்கை கெட்டது எல்லாம் தாராவியில்தான். மார்பில் கட்டி வந்த கதையைச் சில வாரங்களுக்கு முன்னால் எழுதினேன்.

எழுதியதும் தபாலில் குங்குமம் வந்தது. விபூதிப் பொட்டலம் வந்தது. மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி நாற்பத்தெட்டு நாள் சொல்ல வேண்டிய சுலோகத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அன்பால் அனுப்பியதுதான். அதனால் எதையும் குப்பையில் போடவில்லை. ஆனால் “இப்போதாவது சாமியை நம்பக்கூடாதா?” என்று அவர் கடைசியில் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அது என்ன இப்போதாவது? உடம்பு நன்றாக இருந்தபோது யோசித்து வந்த முடிவை, உடம்பு கெட்டதும் பயத்தில் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

அம்பர்நாத்திலிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர் எழுதியது வேறு மாதிரி. “சாமியும் இல்லை என்கிறீர்கள். நோயும் இருக்கிறது. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு காலையில் எழுந்திருக்கிறீர்கள்?” கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். இந்த வாரம் அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

அம்மா கொடுத்த வாக்கு

எனக்கு ஐந்து வயது. மழைக்காலம். காய்ச்சல் ஏறி, கண் செருகி, ஜன்னி கண்டுவிட்டது. என் அம்மா முப்பிடாதி, திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் இசக்கியம்மனை நினைத்து, “பிள்ள பொழச்சிட்டா அவ முழு முடியையும் உனக்கு எறக்குதேன்” என்று வாய் கொடுத்துவிட்டாள். நான் பிழைத்துவிட்டேன்.

சாமிக்கு நேர்ந்த முடியில், அதைக் கோயிலில் இறக்கும் வரை, கத்தியோ கத்தரியோ படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் வருஷம் அப்பா வேலை பார்த்த தோல் ஷாப்பை மூடிவிட்டார்கள், ஊருக்குப் போக முடியவில்லை. அடுத்த வருஷம் தம்பி பிறந்தான். அப்படியே தள்ளித் தள்ளிப் போய் எனக்குப் பதினேழு வயதானது. அப்போது நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதோடு நிற்காமல் கத்தரியை எடுத்து நுனியில் நாலு விரல் வெட்டியும் விட்டேன். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மயங்கி விழுந்தாள். அதன் பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை நிறுத்தம்: நான் வெட்டவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன். அப்படித்தான் இடுப்புக்குக் கீழே வரை வளர்ந்தது. பஸ்ஸில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். பிடிவாதம் என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த எல்லாக் கெடுதலுக்கும் என் தலைதான் காரணம். அப்பாவுக்கு ஐம்பது வயதில் நெஞ்சுவலி வந்ததா, என் தலை. பெரிய மழையில் தம்பி கடை முங்கியதா, என் தலை. என் புருஷன் நாலு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு இன்னொருத்தியோடு டோம்பிவிலிக்குப் போனதற்கும் என் பின்னல்தான் காரணம். அவனைக் கேட்டிருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்பான். சந்தில் தண்ணீர் வராத நாளில்கூட அம்மா என் கூந்தலை ஒரு பார்வை பார்ப்பாள்.

கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்த அன்று மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்ராஹிம் பாயின் கடைவாய்ப் பல்

நான் எப்படிப் பிழைத்தேன் என்பதை அப்பா வேறு மாதிரி சொல்வார்.

எங்கள் சந்து முனையில் இப்ராஹிம் பாய் என்று ஒரு டாக்ஸிக்காரர் இருந்தார். விடியும் முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு ஜன்னி கண்ட அன்று அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. முகம் வீங்கிப் படுத்திருந்தார். அதனால் டாக்ஸி ரோட்டில் நின்றது. அப்பா போய்க் கதவைத் தட்டினார். அந்த வலியோடு அவர் எழுந்து வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன கால் மணி நேரத்தில் எனக்கு ஊசி போட்டுவிட்டார்கள். ஆக, நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இப்ராஹிம் பாயின் சொத்தைப் பல்.

எதிர் வீட்டில் செல்வி இருந்தாள். என்னைவிடப் பதினொரு நாள் மூத்தவள். அவளுக்கும் அதே நாளில் அதே காய்ச்சல். இப்ராஹிம் பாய் என்னை இறக்கிவிட்டு அவளுக்காகத் திரும்பி வந்தார். அதற்குள் சயான் பக்கம் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. வண்டி பாதியில் நின்றது. கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் செல்வி இறந்துபோனாள்.

இந்த இடத்தில் அப்பா எப்போதும் கதையை நிறுத்திவிட்டு பீடியைத் தேடுவார்.

செல்வியின் அம்மா பேச்சியம்மாளை நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள், குழாயடியில் அவர் இன்னொரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“நானுந்தான் அதே அம்மனுக்கு அதே மாதிரி முடிய நேந்தேன். எம் பிள்ள முடியில மட்டும் என்ன, பேனா இருந்திச்சு?”

அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. விஷயத்தை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். நான் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது குடம் இருந்தது, சாமி இல்லை. பெரிதாக எதையும் படித்து நான் இந்த முடிவுக்கு வரவில்லை. என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னால், செல்வியை விட்டதற்கும் சேர்த்து நன்றி சொன்னதாக ஆகிவிடும். அதற்கு என் வாய் வரவில்லை. இன்று வரை வரவில்லை. என் முடியை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நான் சண்டை போட்டது செல்விக்காகத்தான். அவளுடைய முடியும் என் முடியும் ஒரே மாதிரிதான் இருந்தது.

ஒற்றை மணி

பேருந்தில் ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் போ. கயிற்றைப் பிடித்து இழுப்பதுதான் என் தொழில்.

எங்கள் டெப்போவில் என்னைப் பற்றி ஒரு குறை உண்டு. தாராவியிலிருந்து சயான், செம்பூர் வழியாகத் தேவ்நார் போகும் என் வண்டி எப்போதும் நாலு நிமிஷம் தாமதம். வண்டி கிளம்பிய பிறகு யாராவது ஓடி வந்தால் நான் ஒற்றை மணி அடித்துவிடுவேன். டிரைவர்கள் திட்டுவார்கள். இதற்காக இரண்டு தடவை மெமோ வாங்கியிருக்கிறேன். இதைப் பெரிய சேவை என்றெல்லாம் நினைத்ததில்லை. ஓடி வருகிறவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மணி அடிக்க என் கைக்கு வராது, அவ்வளவுதான்.

மொட்டை போட்ட மறுநாள் லீவு நீட்டிக்க டெப்போவுக்குப் போனேன். போகிற வழியில் மட்டும் ஐந்து பேர் “திருப்பதியா?” என்று ஐந்து விதமாகக் கேட்டார்கள். ஒரு பெண் என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “திருப்பதி இல்ல தாயி, கீமோ” என்றதும் கையை வெடுக்கென்று எடுத்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அதே தலை புனிதமாக இருந்தது.

தாதர் பிளாட்பாரம்

அதற்கடுத்த நாள் முத்துராஜ் கடை வாசலைத் தாண்டும்போது அவனே கூப்பிட்டான்.

“அக்கா, அன்னிக்கே அம்மா வந்து முடிய வாங்கிட்டுப் போயிட்டாவ. மஞ்சத் துணி கொண்டாந்து, தரையில கெடந்ததையும் ஒண்ணு விடாமப் பெறக்கி முடிஞ்சிட்டாவ. நீங்கதான் அனுப்புனீங்கன்னு நெனச்சேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அம்மாவின் தங்கை மகன் முருகேசன் அன்றைய ரயிலில் போகிறான். வழியனுப்பப் போகிறேன் என்று அம்மா காலையிலேயே தாதருக்குக் கிளம்பியிருந்தாள். அவள் யாரையும் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போய் இருபது வருஷம் இருக்கும்.

கீமோ போட்ட உடம்போடு ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓடினேன்.

பிளாட்பாரம் முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள். கொடைக்குப் போகிற கூட்டம். அட்டைப்பெட்டி, கயிறு கட்டிய பை, குழந்தைகள், புளிச்சோற்று வாசனை. என் தலையைப் பார்த்ததும் வழி விட்டார்கள். “எங்க எறக்குனீய?” என்று ஒருத்தி பாசமாக விசாரித்தாள். பதில் சொல்ல மூச்சு இல்லை. ஐந்தாவது பெட்டி ஜன்னல் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். உள்ளே முருகேசன். அவன் மடியில் மஞ்சள் துணி முடிச்சு.

“குடு,” என்றேன்.

“அக்கா, பெரியம்ம சொன்னாத்தான்...”

“முளைச்சது எந் தலையில. பெரியம்ம தலையில இல்ல.”

அம்மா என் கையைப் பிடித்தாள். “ஏட்டி, நீ நம்பாண்டாம். ஒன்ன யாரு நம்பச் சொன்னா? வாக்குக் குடுத்தவ நானு. இந்த ஒரு தடவ விட்டுரு. பொழைக்கணும்ட்டி நீ.”

“பொழைச்சா அது டாக்டரு, நர்சு, நான் வாந்தி எடுத்த ஒவ்வொரு நாளு. எல்லாத்தையும் தூக்கி அங்க கொண்டு போய்க் குடுக்கமாட்டேன்.”

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். துண்டு போட்ட ஒரு பெரியவர், “சாமி காரியத்துல வெளையாடாத தாயி,” என்றார்.

“வெளையாடல அய்யா. அம்மனுக்கு எம் முடி வேணும்னா அவளே வந்து கேக்கட்டும். நான் இங்கனதான் நிக்கேன்.”

அம்மன் வரவில்லை. வண்டி நகர்ந்தது. முருகேசன் அம்மா முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், கடைசியில் ஜன்னல் கம்பிக்கு நடுவே முடிச்சை வெளியே திணித்தான். அது பிளாட்பாரத்தில் விழுந்தது. நான் எடுத்தேன். நாற்பத்து மூன்று வருஷச் சண்டை, கையில் எடையே தெரியவில்லை.

பிறகு எனக்குக் கண் இருட்டிவிட்டது.

பின் சீட்டில்

அம்மாதான் தண்ணீர் வாங்கி என் மண்டையில் தெளித்தாள். அவளேதான் ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டாள். என்னை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கையை எடுக்காமல் அந்தக் கதவுப் பிடியையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

மாட்டுங்காவில் பூக்கடைகள் பக்கம் சிக்னலில் வண்டி நின்றது. மல்லிகை வாசனை உள்ளே வந்தது. எனக்குக் குமட்டியது.

“அன்னிக்கும் இப்படித்தான்,” என்றாள் அம்மா.

நான் திரும்பவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“பேச்சி பிள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தா. இப்ராஹிம் பாய் வண்டிய எடுக்கல இன்னும். எம் பக்கத்துல எடம் இருந்திச்சு. ஒங்க அப்பா முன்னால இருந்தாரு, அவரு பாக்கல. நான் பாத்தேன். பாத்துட்டுக் கதவச் சாத்துனேன். போங்கன்னேன்.”

“ஏம்மா?”

“தெரியலட்டி. அவ பிள்ள காய்ச்சலும் சேந்து ஒனக்கு ஒட்டிக்கிடும்னு நெனச்சனா, நேரமாவும்னு நெனச்சனா, இன்னிக்கு வரைக்கும் தெரியல. அம்மன்தான் அவள எடுத்துக்கிட்டா, ஒன்ன விட்டுட்டான்னு நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது. அந்த முடி அங்க போய்ச் சேந்திட்டா, எடுத்ததும் குடுத்ததும் அவதான்னு ஆயிரும். நான் இல்லன்னு ஆயிரும்.”

டாக்ஸிக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் பான் மென்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் கையை உதற வேண்டும் போல இருந்தது. நான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே ஒரு சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்துதான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது? அதே சமயம், நாற்பத்து மூன்று வருஷமாக என் பின்னலை அவள் பார்த்த பார்வையின் அர்த்தம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அதைப் பக்தி என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது பயம்.

சாமி நம்பிக்கை இருந்திருந்தால் நான் அவளிடம் ஏதாவது ஒரு பரிகாரம் சொல்லியிருக்கலாம். என்னிடம் பரிகாரம் இல்லை. ஆனால் பஸ் ரூட் தெரியும்.

“ஞாயித்துக்கிழம கோவண்டிக்குப் போறோம்,” என்றேன். எதிர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பேச்சியம்மாள் சித்தி அங்கேதான் இருந்தார்.

அம்மா கதவுப் பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கரண்டி

அதற்கு முன்னால் முடி என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதைக் கேட்டும் கடிதம் வரும்.

எங்கள் சந்தில் வாரா வாரம் ஒரு அம்மாள் தலையில் கூடையோடு வருவாள். சீப்பில் வரும் முடியைச் சேர்த்து வைத்துக் கொடுத்தால் பாத்திரம் கொடுப்பாள். என் முடிச்சை அவிழ்த்துப் பார்த்து அவள் அசந்துபோனாள். பெரிய எவர்சில்வர் கரண்டி ஒன்று கொடுத்தாள். நல்ல கனம், பிடி வழுக்காது. இரண்டு நாள் அம்மா அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ரசம் கொதித்து வழிந்தபோது கைக்கு முதலில் அதுதான் அகப்பட்டது. இப்போது வேறு கரண்டியை எடுப்பதில்லை.

கோவண்டி

பேச்சியம்மாள் சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். என்னைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். எந்தக் கோயில் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

“எத்தன ஊசி ஆச்சு?” என்றார்.

“ரெண்டு சித்தி. இன்னும் நாலு.”

அம்மா செருப்பைக் கழற்றாமல் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வருகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்.

“பேச்சி, அன்னிக்கு டாக்ஸில எடம் இருந்திச்சு.”

சித்தி மொச்சையைக் கீழே வைத்தார்.

“தெரியும்லா. கதவுக்கு வெளிய நின்னது நாந்தான?”

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“இத்தன வருசம் யார்ட்டச் சொன்ன?” என்று கேட்டார் சித்தி.

“அம்மன்கிட்ட,” என்றாள் அம்மா. “தெனமும் சொல்லுதேன்.”

“அவகிட்ட எதுக்குச் சொன்ன? நீ அவ மேலயா கதவச் சாத்துன? மொதல்ல எதிர் வீடு, பெறவு தாராவியிலேருந்து கோவண்டிக்கு ஒரு பஸ்ஸு. அதுல வர ஒனக்கு நாப்பது வருசத்துக்கு மேல ஆயிருக்கு.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அந்த மாதிரி அழுது நான் அப்பா செத்தபோதுகூடப் பார்த்ததில்லை. காலைப் பிடிக்கப் போனவளைச் சித்தி தள்ளிவிட்டார்.

“சரி போட்டும்னு மட்டும் என் வாயில வராது முப்பிடாதி. கேக்காத. வந்தல்லா, அது போதும். மொச்சைய உரி. தின்னுட்டுத்தான் போவணும்.”

இருவரும் உரித்தார்கள். நான் பாயில் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் செல்வியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவளுக்கு ர சொல்ல வராது என்பதும், கருவாட்டைப் பச்சையாகத் தின்பாள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். நாற்பத்து மூன்று வருஷத்தில் அம்மா அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அம்பர்நாத் அய்யா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனிதர்கள் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறேன் என்று அழகாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கதவைச் சாத்துகிறவர்களும் மனிதர்கள்தான், அதிலும் என்னைப் பெற்றவள். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் சொல்கிறேன்: கதவைத் திறப்பதற்கும் நம்மைத் தவிர வேறு ஆள் கிடையாது. மேலே இருந்து யாரும் வந்து திறக்கப் போவதில்லை. அதனால்தான் நான் காலையில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பல்வலியோடு இப்ராஹிம் பாய் எழுந்தார், கீமோவோடு நான் எழுந்திருக்கக் கூடாதா?

அடுத்த மாதம் ஸ்கேன். நல்ல செய்தி வருமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

திரும்பும்போது கயிறு கட்டிய பழைய வண்டி ஒன்று கிடைத்தது. அம்மா கதவுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. கண்டக்டர் புதுப் பையன், என்னைத் தெரியாது. அவன் இரண்டு மணி அடித்தான். வண்டி கிளம்பியது.

“ஏட்டி,” என்றாள் அம்மா. “ஒருத்தரு ஓடி வாராரு.”

எட்டிப் பார்த்தேன். வயதான மனிதர். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் கழன்ற செருப்பு.

“நான் டூட்டில இல்லம்மா,” என்றேன். எனக்குக் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

அம்மா எழுந்தாள். அவளுக்குக் கயிறு எட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, ஓடுகிற வண்டியில் எக்கி, கயிற்றைப் பிடித்து ஒரே ஒரு தடவை இழுத்தாள்.

வண்டி நின்றது.

“கிஸ்னே கீஞ்சா?” யார் இழுத்தது என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினான்.

ஐம்பது வருஷமாக மும்பையில் இருந்தும் வெளி ஆளிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை ஹிந்தி பேசாதவள் என் அம்மா. கயிற்றை விடாமல் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஹம்,” என்றாள். நாங்கள்.